ஐரோப்பாவில் சைக்காலஜி: மாஸ்டர்ஸ் முடித்தால் தெரபிஸ்ட் ஆகிவிடலாமா?

நொய்யல்கரை
எல்லோருக்கும் வணக்கம். கோவையில் பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடம். கிளினிக்கல் பக்கம் போக வேண்டும் என்று பள்ளியிலிருந்தே ஆசை. இங்கே நல்ல இடத்தில் கிளினிக்கல் சீட் வாங்குவது குதிரைக் கொம்பு என்பதால் ஐரோப்பா பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கன்சல்டன்சியில் போய்க் கேட்டேன். "ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது மேடம். ரெண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் மாஸ்டர்ஸ், முடிச்சதும் அங்கேயே கிளினிக்கில் வேலை" என்றார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்த லைசென்ஸ் என்று கேட்டால், "அதெல்லாம் அட்மிஷன் கிடைச்சதும் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கத் தயாராக இருக்கிறார். அதற்கு முன்னால், அங்கே இருப்பவர்கள் யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

லைப்சிக்வாசி
பத்திரம் இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும், நொய்யல்.

ஜெர்மனியில் சைக்காலஜிஸ்ட் வேறு, சைக்கோதெரபிஸ்ட் வேறு. சைக்காலஜியில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் முடித்தவர் சைக்காலஜிஸ்ட். அவர் ஆராய்ச்சி செய்யலாம், கம்பெனியில் ஆள் எடுக்கலாம், ஆலோசனை மையத்தில் உட்காரலாம். ஆனால் நோயாளிக்குச் சிகிச்சை தரும் தெரபிஸ்ட் ஆக அரசு தரும் உரிமம் வேண்டும். அதன் பெயர் அப்ரோபாட்சியோன். டாக்டர்களுக்குத் தருகிற அதே மாதிரியானது.

இந்த உரிமத்துக்கான வழி 2020 செப்டம்பர் 1 முதல் மாறிவிட்டது. இப்போதைய நடைமுறையில் பி.எஸ்சி.யே சட்டம் சொல்லும் பாடத்திட்டப்படி இருக்க வேண்டும். அதில் மருந்தியல் அடிப்படை, தொழில் சட்டம், நெறிமுறை எல்லாம் வரும். 150 மணி நேர அறிமுகப் பயிற்சியும், அப்புறம் 240 மணி நேரத் தொழில் பயிற்சியும் பி.எஸ்சி.க்குள்ளேயே முடித்திருக்க வேண்டும். அடுத்து 'கிளினிக்கல் சைக்காலஜியும் சைக்கோதெரபியும்' என்ற தனி எம்.எஸ்சி. இரண்டு வருடம். கடைசியில் அரசுத் தேர்வு. அதில் ஒரு பகுதி வாய்மொழித் தேர்வு. இன்னொரு பகுதியில் ஐந்து நிலையங்கள், நோயாளியாக நடிப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பார், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று விசாரிப்பதிலிருந்து சிகிச்சையை விளக்கிச் சொல்வது வரை ஒவ்வொன்றாகச் செய்துகாட்ட வேண்டும். தேறினால் உரிமம்.

அதோடும் முடியாது. அரசுக் காப்பீட்டில் பில் போட்டுச் சொந்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் மேலும் ஐந்து வருடம் சம்பளத்தோடு கூடிய மேல்பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் இங்கே வருடக்கணக்காக இழுபறி. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராட்டமே நடத்தினார்கள்.

உங்கள் கன்சல்டன்சி சொல்லும் ஆங்கில மாஸ்டர்ஸ் பொய்யில்லை. நியூரோ, காக்னிட்டிவ், சோஷியல் என்று இருக்கின்றன. ஆனால் அவை எதுவும் உரிமத்துக்குப் போகிற வழியில் இல்லை. உரிமத்துக்கான எம்.எஸ்சி. ஜெர்மன் மொழியில். அதற்குள் நுழைய உங்கள் கோவை பட்டம் இங்கத்திய பி.எஸ்சி.க்குச் சட்டப்படி சமம் என்று மாநில அதிகாரி எழுதித் தர வேண்டும். பயிற்சி மணி நேரமும் பாடங்களும் ஒத்துப்போகாததால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

1879ல் வில்ஹெல்ம் வுண்ட் உலகின் முதல் உளவியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கிய ஊரில் இருக்கிறேன். அந்தப் பெருமையைக் கேட்டு வருகிறவர்கள் முதல் செமஸ்டர் புள்ளியியலைப் பார்த்ததும் மிரண்டு போவார்கள். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைமாமா
பத்து வருஷமா? டாக்டருக்கே படிச்சிடலாமே சாமி.

லைப்சிக்வாசி
கணக்கு சரிதான் மாமா. மூன்று, இரண்டு, ஐந்து. ஆனால் கடைசி ஐந்தும் சம்பளம் வாங்கும் வருடங்கள். இங்கே டாக்டரும் ஸ்பெஷலிஸ்ட் ஆக ஏறக்குறைய இதே காலம் எடுத்துக்கொள்கிறார். சட்டம் கொண்டுவந்தவர்கள் அந்த அச்சில்தான் இதை வார்த்தார்கள்.

லிம்பர்க்காற்று
லைப்சிக் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஆங்கில மாஸ்டர்ஸ் படிப்பதே வீண் என்பது போல ஒரு தொனி வருகிறது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் நெதர்லாந்தில், மாஸ்ட்ரிக்டில் ஆங்கிலத்தில் படித்தேன். இப்போது ஐந்தோவன் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் யூஎக்ஸ் ரிசர்ச். மருத்துவமனைக் கருவியின் திரையை நர்ஸ்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், எந்த எச்சரிக்கை ஒலியைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. சைக்காலஜியில் படித்த கவனம், நினைவாற்றல், சோதனை வடிவமைப்பு எல்லாம் தினமும் கைகொடுக்கிறது. அலுவலகத்தில் ஆங்கிலமே போதும்.

படிப்பு முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அதுதான் முதல் அதிர்ச்சி. மாஸ்ட்ரிக்டில் லெக்சர் குறைவு. ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு கேஸ் தருவார்கள். மாணவர்களில் ஒருவர் தலைமை தாங்குவார், ஒருவர் போர்டில் எழுதுவார். புரியாத சொற்களைத் தெளிவுபடுத்துவது, கேள்வியை வரையறுப்பது, தெரிந்ததைக் கொட்டுவது, எதைப் படித்துவர வேண்டும் என்று முடிவுசெய்வது என ஏழு படிகள். ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கூட்டம் தடம் மாறினால்தான் வாயைத் திறப்பார். "சார் சொல்லட்டும், எழுதிக்கொள்ளலாம்" என்று நோட்டோடு காத்திருந்த நம்மூர் ஆள் ஒருவருக்கு அந்த முதல் வாரம் எழுத ஒன்றுமே இல்லை. பேசாமல் இருந்தால் பங்கேற்பு இல்லை என்று குறிப்பு விழும்.

கட்டணம் விஷயத்தில் நெதர்லாந்து ஜெர்மனி மாதிரி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல், பல இடங்களில் அதைவிட நன்றாகவே மேல். படிப்பு முடிந்ததும் வேலை தேட ஒரு வருட அனுமதி உண்டு. பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நொய்யல்கரை
நன்றி. நெதர்லாந்தில் கிளினிக்கல் மாஸ்டர்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதாகப் பார்த்தேனே? அதை முடித்தால் அங்கே தெரபி பார்க்கலாமா?

லிம்பர்க்காற்று
படிக்கலாம். பார்ப்பது வேறு கதை. இங்கே மாஸ்டர்ஸ் முடித்தவர் 'அடிப்படை சைக்காலஜிஸ்ட்', அவ்வளவுதான். அதற்கு மேல் சட்டப்படி பதிவேட்டில் பெயர் ஏற வேண்டுமென்றால் ஜி-இசட் சைக்காலஜிஸ்ட் என்ற இரண்டு வருட மேல்பயிற்சி. பயிற்சி இடங்கள் மிகக் குறைவு, வரிசையில் நிற்கும் டச்சுக்காரர்களே ஏராளம். அந்தப் பயிற்சிக்குள் போக முன்நிபந்தனையான பாடங்களும் பயிற்சிக் காலமும் மாஸ்டர்ஸிலேயே இருக்க வேண்டும். ஆங்கிலப் பிரிவில் படித்தால் டச்சு மொழியில் நோயாளியைப் பார்க்கும் பயிற்சி இடம் கிடைப்பது கடினம். அதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. ஆங்கில வழி உளவியல் இளங்கலை இடங்களைக் குறைக்க வேண்டும் என்று இங்கே அரசியலில் பெரிய சர்ச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் அதிகம் குவிந்த துறைகளில் சைக்காலஜியும் ஒன்று. யாராவது பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி.க்கே வர நினைத்தால் அந்தந்த வருட நிலவரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். இடக் கட்டுப்பாடு உள்ள படிப்புக்கு ஜனவரி 15 கடைசி நாள். ஒரு நாள் தாண்டினாலும் கதவு மூடிவிடும்.

தேம்ஸ்தென்கரை
பிரிட்டன் பற்றி யாரும் பேசவில்லை. ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஐரோப்பாதானே!

இங்கே 'சைக்காலஜிஸ்ட்' என்ற வெறும் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். ஆனால் கிளினிக்கல், கவுன்சலிங், ஃபாரன்சிக் போன்று ஏழு துறைப் பட்டங்களும், கூடவே இரண்டு பொதுப் பட்டங்களும், ஆக ஒன்பது பெயர்கள் எச்சிபிசி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு உள்ளவர்களுக்கு மட்டும். 2009 ஜூலையிலிருந்து இதுதான் நிலை.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக மூன்று வருட டாக்டரேட். என்எச்எஸ் எனும் அரசு மருத்துவ சேவை நிதி கொடுக்கும் இடத்தில் சேர்ந்தால் படிக்கும்போதே சம்பளம், அவர்கள் ஊதிய அட்டவணையில் பேண்ட் 6. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த இடங்கள் பெரும்பாலும் உள்நாட்டுக் கட்டணத் தகுதி உள்ளவர்களுக்கே. சொந்தக் காசில் வரும் வெளிநாட்டவரைச் சில பல்கலைகள் மட்டும் எடுக்கின்றன. அதிலும் பிஎஸ் எனப்படும் பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அங்கீகரிக்கும் அடிப்படைத் தகுதி வேண்டும். வேறு பட்டம் உள்ளவர்களுக்கு அதற்காகவே ஒரு வருட மாற்றுப் படிப்பு இருக்கிறது. நிறையப் பேர் அதைக் கிளினிக்கல் மாஸ்டர்ஸ் என்று நினைத்துச் சேர்ந்துவிட்டு, முடித்ததும் "அடுத்து என்ன?" என்று நிற்கிறார்கள். சரி, அதற்குள் போகாமல் டாக்டரேட்டுக்கு நேராக விண்ணப்பிக்கலாமே என்றால், அசிஸ்டென்ட் சைக்காலஜிஸ்ட் போன்ற வேலை அனுபவம் இல்லாமல் பட்டியலிலேயே வர மாட்டீர்கள்.

படிப்புக்குப் பிந்தைய விசா இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம். இந்தக் காலத்துக்குள் அனுபவம் சேர்த்து, டாக்டரேட் இடம் பிடிப்பது என்பது ஓடும் ரயிலில் ஏறுகிற சமாச்சாரம். மொழிப் பிரச்சினை இல்லை என்பது ஒன்றுதான் நமக்குச் சாதகம்.

லைப்சிக்வாசி
திருத்தம்: சங்கத்தின் சுருக்கப் பெயர் பிபிஎஸ்.

தேம்ஸ்தென்கரை
ஆமாம், பிபிஎஸ். கைபேசியில் தட்டியது.

ஆரேக்கரை
வணக்கம் தங்கச்சி. நான் பேர்ணில் பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்த குடும்பம். சைக்காலஜி மாஸ்டர்ஸ் முடித்து, இப்ப சைக்கோதெரபி மேல்படிப்பில் இருக்கிறேன்.

சுவிசில் 2013ல் சட்டம் வந்தது. மாஸ்டர்ஸ் இல்லாமல் சைக்காலஜிஸ்ட் என்று போட ஏலாது. தெரபிக்கு அதற்கு மேல் வருடக்கணக்கில் மேல்படிப்பு, அதுவும் சொந்தச் செலவில். சும்மா சொல்லவில்லை, ஒரு கார் வாங்குகிற காசு போகும். 2022 ஜூலை 1க்கு முன்னம் நாங்கள் ஒரு டாக்டருக்குக் கீழேதான் அடிப்படைக் காப்பீட்டில் வேலை செய்யக்கூடியதாக இருந்தது. இப்ப டாக்டர் ஒரு தாள் எழுதித் தந்தால் போதும், 15 அமர்வுக்கு நாங்களே நேரடியாகப் பார்க்கலாம். தேவைப்பட்டால் இன்னொரு 15. அதற்கு மேல் காப்பீட்டுக் கம்பெனியிடம் அறிக்கை எழுதிக் கேட்க வேணும்.

ஆனால் இந்தியாவிலிருந்து வருகிற ஆளுக்கு நான் சுவிசைச் சொல்ல மாட்டேன். படிப்பு முடிந்து வேலை தேட ஆறு மாதம்தான் தருவினம். 

நான் எழுத வந்தது வேற. மொழி படிக்க வேணும் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எந்த அளவு மொழி என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு டொச், அதாவது ஜெர்மன், தாய்மொழி மாதிரி. அப்படி இருந்தும், பேர்ண் மலைக் கிராமத்திலிருந்து வருகிற ஒரு வயதான விவசாயி தன்ர பேச்சுவழக்கில் வேகமாகக் கதைக்கும்போது காது கூர்மையாக வேணும். அவர் பகிடி விடுகிறாரா, உயிரை விடப்போகிறேன் என்று சொல்கிறாரா என்று அந்த நொடியில் விளங்க வேணும். சி1 என்ற உயர்நிலை மொழிச் சான்றிதழ் பல்கலைக்கழக வாசலுக்குத்தான். அறைக்குள்ள அது காணாது.

லிம்பர்க்காற்று
இதற்கு மறுபக்கமும் இருக்கிறது அக்கா. உச்சரிப்பு பிசகிப் பேசும் வெளிநாட்டு டாக்டர்களை வைத்துத்தான் இங்கே பாதி மருத்துவமனை ஓடுகிறது. தெரபிக்கு மட்டும் இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? ருமேனியா, கிரீஸ் நாட்டுக்காரர்கள் வந்து மொழி படித்து தெரபிஸ்ட் ஆகத்தானே செய்கிறார்கள்?

ஆரேக்கரை
ஆகினம். நான் இல்லை என்று சொல்லவில்லை. எலும்பு முறிவைப் பார்க்கப் படம் இருக்கு. எங்களுக்கு அந்த ஆள் கதைக்கிறது மட்டும்தான் இருக்கு. வருகிறவ வரட்டும், ஆனால் ரெண்டு வருடத்தில் முடிந்துவிடும் என்று நம்பி வரக்கூடாது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்க தேவை இருக்கு என்பதையும் சொல்ல வேணும். எங்கட அம்மாமார், அப்பாமார் போருக்குள்ளால வந்தவை. வாழ்நாள் முழுக்க ரெஸ்டோரண்ட் குசினியிலும் ஆஸ்பத்திரித் துப்புரவிலும் வேலை செய்து, இப்ப பென்ஷன் எடுக்கிற வயதில்தான் நித்திரை இல்லை, நெஞ்சு அடைக்குது என்று டாக்டரிடம் போகினம். ஒரு அம்மா, டாக்டர் அறைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தா, மொழிபெயர்க்க. கையில் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பை. மகன் டொச்சில் கேள்வியைக் கேட்டு, தமிழில் சொல்லி, பதிலைத் திருப்பிச் சொல்கிறார். "ஒன்றும் இல்லை, கால் நோதான்." மகன் வாகனம் எடுக்க வெளியில் போன பிறகுதான் அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு 1987 பற்றிக் கதைக்கத் தொடங்கினா. மகனுக்கு முன்னால் அதைச் சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது.

லைப்சிக்வாசி
ஜெர்மனியிலும் இதேதான். அரசுக் காப்பீடு தெரபிக்குப் பணம் கொடுக்கும், மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்காது. அகதிகளுக்கான உளவியல் சமூக மையங்கள்தான் நன்கொடையையும் திட்ட நிதியையும் வைத்துச் சமாளிக்கின்றன. அங்கே தெரபி உரிமம் இல்லாத, மாஸ்டர்ஸ் மட்டும் படித்த சைக்காலஜிஸ்டுகளுக்கும் ஆலோசனை வேலை உண்டு. நிதி வருடா வருடம் ஊசலாடும் என்பதால் ஒப்பந்தம் குறுகிய காலத்துக்குத்தான். ஆனால் நொய்யல் கேட்ட கிளினிக் வேலைக்கு மிக அருகில் வருவது இதுதான்.

லாசப்பல்
பாரிஸிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. இங்கே 'சைக்கோலோக்' பட்டத்துக்கு 1985லிருந்தே சட்டப் பாதுகாப்பு. இளங்கலை, முதுகலை இரண்டும் சைக்காலஜியிலேயே இருக்க வேண்டும், மாஸ்டர்ஸில் 500 மணி நேரப் பயிற்சி கட்டாயம். ஐந்து வருடத்தில் தொழிலுக்குப் போய்விடலாம், ஜெர்மனி மாதிரி பத்து இல்லை. ஆனால் மாஸ்டர்ஸ் முதல் வருட இடத்துக்கு அடிதடி. சம்பளமும் படித்த படிப்புக்குக் காணாது. அரசுத் திட்டத்தில் ஒரு அமர்வுக்கு 50 யூரோ என்று வைத்திருக்கிறார்கள், வருடத்துக்கு ஒருவருக்கு 12 அமர்வு. அதில் சேரவே மாட்டோம் என்கிற சைக்காலஜிஸ்டுகள் நிறைய. புதுச்சேரிப் பக்கம் பள்ளியிலிருந்தே பிரெஞ்சு படித்த பிள்ளைகள் இந்த நாட்டை யோசிக்கலாம். மற்றவர்கள் பிரெஞ்சை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மதுரைமாமா
என் மகளும் பிளஸ் டூவில் இதே பாட்டுதான் பாடுது. அதனால் செலவைச் சொல்லுங்க. ஃபீஸ் இல்லை ஃபீஸ் இல்லைங்கிறான், அப்புறம் எதுக்கு பன்னெண்டு லட்சம் கேக்குறான்?

லைப்சிக்வாசி
மாமா, அது ஃபீஸ் இல்லை. உங்கள் மகள் பெயரிலேயே முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கு. வருடத்துக்கு 11,904 யூரோ காட்டினால்தான் விசா. மாதம் 992 யூரோ என்று அந்தக் கணக்கிலிருந்து மகளுக்கே வரும். வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் அதில். சின்ன ஊரில் ஓட்டலாம், மியூனிக்கில் வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும். அரசுப் பல்கலையில் செமஸ்டர் சந்தா மட்டும். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. ஹைடெல்பெர்க், ட்யூபிங்கன், ஃபிரைபுர்க் எல்லாம் அந்த மாநிலம்தான். படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். முதல் வருடம் அதை நம்பி வராதீர்கள்.

பிளஸ் டூ முடித்து நேரே பி.எஸ்சி. சேர முடியாது. ஸ்டுடியென்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பு, இல்லாவிட்டால் ஊரில் கொஞ்ச காலம் கல்லூரி. இங்கே சைக்காலஜிக்கு மதிப்பெண் கட்-ஆஃப் கடுமை, ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சிறு பங்கு இடம்தான். ஆனால் அதில் நுழைந்துவிட்டால் தெரபிஸ்ட் வழி முழுக்கத் திறந்திருக்கும். உண்மையைச் சொன்னால், நொய்யலைவிட உங்கள் மகளுக்குத்தான் ஜெர்மனி சரிப்படும்.

நொய்யல்கரை
அப்படியென்றால் நான் மறுபடியும் பி.எஸ்சி. படிக்க வேண்டுமா? வீட்டில் எப்படிச் சொல்வேன்? யூரோசை என்று ஒரு ஐரோப்பிய சான்றிதழ் இருக்கிறதே, அது இருந்தால் எல்லா நாட்டிலும் வேலை பார்க்கலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

படுவாபடித்துறை
யூரோசை ஒரு தர முத்திரை. 300 கிரெடிட் படிப்பு, அதாவது ஐந்து வருடம், அதோடு ஒரு வருடம் மேற்பார்வையில் வேலை என்று ஐரோப்பிய உளவியல் சங்கங்களின் கூட்டமைப்பு வைத்த அளவுகோல். உங்கள் படிப்பு இந்தத் தரத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். எந்த நாட்டிலும் உரிமம் ஆகாது. வீடியோக்காரர்களுக்கு வியூஸ் வேண்டும்.

நான் இத்தாலியில் இருக்கிறேன். படுவாவில் ஆங்கிலத்தில் மாஸ்டர்ஸ் உண்டு, நியூரோசைக்காலஜிக்கு நல்ல பெயர். கட்டணம் குடும்ப வருமானத்தைப் பார்த்துப் போடுவார்கள். வருமானம் குறைவு என்று காகிதத்தில் நிரூபித்தால் மண்டல உதவித்தொகையும் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. பத்திரத்தை அடகு வைக்கத் தேவையில்லாத ஒரு வழி இது. 2021 சட்டத்துக்குப் பின் உரிமத் தேர்வும் பட்டப் படிப்போடு இணைந்துவிட்டது. ஆனால் தெரபிஸ்ட் ஆக அதற்கப்புறம் நான்கு வருடப் பள்ளி, அங்கே இத்தாலிய மொழிதான். என் வகுப்பில் வெளிநாட்டவர் பெரும்பாலும் முடித்ததும் பிஎச்.டி.க்கு வடக்கே போய்விட்டார்கள்.

லிம்பர்க்காற்று
ஆமாம், பிஎச்.டி.யை யாரும் பேசவில்லை! நெதர்லாந்தில் அது நான்கு வருடச் சம்பள வேலை. ஜெர்மனியிலும் பாதி அல்லது முக்கால் பணியிடமாகச் சம்பளம் உண்டு. நைமேகனில் டொண்டர்ஸ், லைப்சிக்கில் மாக்ஸ் பிளாங்க் என்று ஆங்கிலத்திலேயே ஓடும் ஆராய்ச்சி நிலையங்கள். புள்ளியியலும் ஆர் மென்பொருளும் கைவந்தால் கதவு திறக்கும். ஆம்ஸ்டர்டாம் பல்கலையில் உருவான ஜேஎஸ்பி என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், இன்றைக்கே இறக்கிப் பழகலாம். அப்புறம் வேலைவாய்ப்பு, நிறுவன உளவியல் என்றால் வலென்சியா தலைமையில் நடக்கும் எராஸ்மஸ் முண்டஸ் மாஸ்டர்ஸைப் பாருங்கள். இரண்டு நாட்டில் படிக்கலாம்.

லைப்சிக்வாசி
அவர் ஜேஎஸ்பி என்று எழுதியதை ஜாஸ்ப் என்று தேடுங்கள்.

லிம்பர்க் சொல்வது எல்லாம் சரி. ஆனால் நொய்யல் கேட்டது தெரபி. ஆராய்ச்சி வேலை இருக்கிறது என்று ஆறுதல் சொல்லித்தான் கன்சல்டன்சிகளும் பிள்ளைகளை அனுப்புகின்றன. விருப்பப்பட்டு அந்தப் பக்கம் போவது வேறு, தெரபி கிடைக்காததால் போய் உட்காருவது வேறு. 

லிம்பர்க்காற்று
இருபத்தொரு வயதில் தெரபி என்று நினைப்பது இருபத்தைந்தில் மாறாதா? எனக்கு மாறியது. முதல் பயிற்சியில் நாள் முழுக்க மற்றவர் துயரத்தைக் கேட்டுவிட்டு வந்து என்னால் சாப்பிடக்கூட முடியவில்லை. ஆராய்ச்சி கையில் இருந்ததால் தப்பித்தேன். ஆறுதல் பரிசு என்று அதைச் சொல்லாதீர்கள்.

ஊர்திரும்பி
திரும்பி வருகிறவர்கள் பற்றி நான் சொல்கிறேன். ஐரோப்பாவில் கிளினிக்கல் மாஸ்டர்ஸ் முடித்து சென்னைக்கு வந்தவன் நான். இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், பதிவு வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்த அங்கீகாரத்தை வைத்துத்தான் வரையறுக்கிறது. வெளிநாட்டு மாஸ்டர்ஸ் தானாக அந்தப் பதிவைத் தராது. இப்போது கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட் என்று ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். வருத்தமில்லை. ஆனால் ஒரு மருத்துவமனை நேர்காணலில் என் ஐரோப்பியச் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரி, ஆர்சிஐ நம்பர் என்ன?" என்று கேட்டார்கள். ஊரில் தெரபி பார்ப்பதுதான் கடைசி நோக்கம் என்றால், இங்கேயே ஆர்சிஐ வழியில் சீட்டுக்கு இன்னொரு முறை முயல்வது சிறந்தது.

நொய்யல்கரை
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக அப்பாவோடு உட்கார்ந்து இதையெல்லாம் வாசித்தோம். கடன் வேண்டாம் என்று முடிவு. இந்த வருடம் ஆர்சிஐ சீட்டுக்கு நுழைவுத் தேர்வு எழுதுகிறேன். கூடவே ஜெர்மன் ஏ1 வகுப்பில் சேர்ந்துவிட்டேன், அது வீணாகாது. படுவாவுக்கும் விண்ணப்பம் போடலாம் என்று எண்ணம், நியூரோசைக்காலஜி எனக்குப் பிடித்த பாடம்தான். ஒரே ஒரு கேள்வி: விண்ணப்பத்துக்கு மார்க் ஷீட் தவிர வேறு என்ன சேகரித்து வைக்க வேண்டும்?

படுவாபடித்துறை
பாடத்திட்ட விவரம். அதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம், என்னென்ன தலைப்புகள், தேர்வு முறை என்ன என்று கல்லூரி முத்திரையோடு வேண்டும். புள்ளியியலும் ஆராய்ச்சி முறையும் எத்தனை கிரெடிட் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சில இடங்களில் மூன்று வருடப் பட்டத்தை முழுதாக ஏற்க மாட்டார்கள், சேர்க்கை அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

லைப்சிக்வாசி
பயிற்சி செய்த இடத்திலிருந்து மணி நேரம், செய்த வேலை, மேற்பார்வையாளரின் தகுதி மூன்றும் எழுதிய கடிதம். "சிறப்பாகப் பணியாற்றினார், நடத்தை நன்று" என்ற கடிதம் இங்கே செல்லாது. ஜெர்மனிக்குப் போடுவதாக இருந்தால், உங்கள் இந்தியச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றிதழும் வேண்டும், அது வர நேரம் எடுக்கும்.

ஊர்திரும்பி
கல்லூரி தன்னாட்சி என்றால் பாடத்திட்ட முத்திரைக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் போக வேண்டும். இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம். இப்போதே போய்விடுங்கள். ரிசல்ட் நேரத்தில் போனால் அந்த ஜன்னலில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.